குக்கர் மூடியின் ஓரத்தில் ஒரு ஜன்னல்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காலைக் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

"குக்கர் ரிப்பேர், கேஸ் அடுப்பு ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்..." எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் குரல் கேட்கும். முன்பெல்லாம் சைக்கிளில் வந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். இப்போது பைக்கில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டு மெதுவாகப் போகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை அப்படி வந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டு ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு நாளாக ஓரத்தில் ஆவி கசிந்தது. கேஸ்கட் மாற்ற வேண்டும்.

அவர் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, சேஃப்டி வால்வும் பழசாயிடுச்சு, சேர்த்து மாத்திடலாமா?" என்றார். பையிலிருந்து இரண்டு வால்வை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்று விலை கூடுதல், மற்றது குறைவு. அந்த உள்ளங்கையைப் பார்த்ததும் எனக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மாலை நேரம் ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் குக்கரின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் வெண்கலப் பானையில்தான் சோறு. கஞ்சி வடிக்கிற வேலை எனக்கு. குக்கர் என்ற சொல்லே வேறு ஒரு பாத்திரத்துக்குத்தான் இருந்தது. ருக்மணி குக்கர் என்று ஒன்று, என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். உயரமான பித்தளை உருளை. அடியில் கரி நெருப்பு, மேலே அடுக்கு அடுக்காகப் பாத்திரம். காலையில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சோறும் பருப்பும் வெந்திருக்கும். வங்காளத்தில் இதே போன்ற ஒன்றை இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் 1910 வாக்கில் செய்து, அதற்கு இக்மிக் குக்கர் என்று பெயர். இவையெல்லாம் சாதுவான பாத்திரங்கள். நீராவி தன் இஷ்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். அழுத்தம் கிடையாது, ஆபத்தும் கிடையாது. நேரம்தான் நிறைய ஆகும்.

பிரஷர் குக்கரின் வழி வேறு. அது ஆவியைச் சிறைப்பிடிக்கிறது. திறந்த பானையில் எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. ஊட்டியில் அதுவும் இல்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் அங்கே பருப்பு வேக அடம்பிடிக்கும். மூடியை இறுக்கி, உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவுக்குக் கூடுதல் அழுத்தம் ஏற்றினால், தண்ணீர் 120 டிகிரி வரை போகும். அந்த இருபது டிகிரிதான் முக்கால் மணி நேரத்தைப் பத்து நிமிஷமாக்குகிறது.

ஆறாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 10. பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒரு கிலோ தள்ளுகிறது. ஆக, விசில் அடிப்பதற்குச் சற்று முன்பு மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 314 கிலோ. ஐந்து ஆட்கள் ஒன்றாக ஏறி நிற்கும் பாரம். இதை நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் யாரும் நம்பவில்லை. ஒரு பையன் மட்டும், "அப்ப எங்கம்மா தினமும் ஐந்து ஆளை அடுப்பு மேல வெச்சிருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

இந்தப் பாரத்தை முதலில் பானைக்குள் அடைத்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். புராட்டஸ்டன்ட் மதத்தவர், லண்டனில் ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராக இருந்தவர். ஆம், எட்டாம் வகுப்பில் படித்த பாயில் விதியின் அதே பாயில். 1679-இல் பாப்பின் செய்த பாத்திரத்தில் எலும்புகூடக் குழைந்தது. 1682 ஏப்ரலில் லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்கள் அதில் சமைத்து விருந்தே சாப்பிட்டார்கள். பாப்பின் செய்த உண்மையான சாதனை அந்தப் பானை இல்லை என்பது என் எண்ணம். மூடியில் ஒரு துளை போட்டு, அதன் மேல் நெம்புகோலோடு ஓர் எடையை வைத்தாரே, அதுதான். உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறினால் எடை தூக்கப்பட்டு ஆவி வெளியேறும். இன்று நம் வீட்டில் ஆடுகிற வெயிட் அதன் பேரப்பிள்ளை.

எடைக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் கீழே உள்ள துளை அடைத்துக்கொண்டால் அது வெறும் இரும்புத் துண்டு. இல்லையென்றால் யாராவது அதை ஆடாதபடி அழுத்தி வைத்துவிடலாம். இங்கிலாந்தில் 1803-இல் அப்படித்தான் நடந்தது. ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற நீராவி என்ஜின் நிபுணர் கிரீனிச்சில் நிறுத்தியிருந்த ஒரு கொதிகலன் வெடித்து நான்கு பேர் செத்துப்போனார்கள். கொதிகலனைக் கவனிக்க வைத்திருந்த பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். வால்வு செயல்படவில்லை. டிரெவிதிக்கின் போட்டியாளர்கள் இதை வைத்து அவருடைய என்ஜினையே ஒழித்துக்கட்டப் பார்த்தார்கள். அவர் அதன் பிறகு ஒரு வால்வுக்கு இரண்டு வால்வு வைத்தார். கூடவே கொதிகலனில் ஒரு துளையிட்டு அதை ஈயத்தால் அடைத்தார். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் ஈயம் உருகி ஓடிவிடும், ஆவி அந்த வழியாக வெளியேறிவிடும். பையன் மீன் பிடிக்கத்தான் போவான் என்று எடுத்துக்கொண்டு செய்த ஏற்பாடு அது.

இந்த ஈய அடைப்பு எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. என் அப்பா ரயில்வேயில் நீராவி என்ஜின் ஃபயர்மேன். என்ஜின் பாய்லரின் நெருப்புப் பெட்டிக்கு மேலே அதே ஈய அடைப்பு இருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கி அது உருகினால் ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். என்ஜின் பிழைக்கும், ஃபயர்மேன் மாட்டிக்கொள்வார். ஈயம் உருகவிட்டவன் என்ற பெயர் வாங்குவது அந்த வேலையில் பெரிய அவமானம். அப்பா ராத்திரி சாப்பிடும்போது இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். "ஈயம் உருகுச்சுன்னா வேலைக்கு ஆபத்து. உருகலைன்னா உசுருக்கு ஆபத்து" என்பார்.

வீட்டுக் குக்கரில் சேஃப்டி வால்வு என்று நாம் சொல்வதும் இதன் சின்ன உருவம்தான். ஒரு பொத்தான் அளவு. நடுவில் ஒரு துளை, அதில் குறைந்த சூட்டில் உருகும் ஓர் உலோகக் கலவை. ஈயத்துக்கே 327 டிகிரி வேண்டும். குக்கருக்கு அது ஆகாது. அழுத்தம் இரட்டிப்பானால் உள்ளே 133 டிகிரிதான். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே இளகிவிட வேண்டும்.

நம் நாட்டுக்குக் குக்கர் பரவலாக வந்தது 1950களின் கடைசியில். பம்பாயில் எச்.டி. வாசுதேவா 1959-இல் இங்கிலாந்துக் கூட்டுறவோடு ஹாக்கின்ஸைத் தொடங்கினார். தெற்கே டி.டி.கே. குழுமம் பிரெஸ்டீஜ் என்ற இங்கிலாந்துப் பெயரோடு பெங்களூரில் குக்கர் செய்தது. டி.டி.கே. என்றால் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1928-இல் சென்னையில் வியாபாரம் தொடங்கி, பிறகு அரசியலுக்கு வந்து இரண்டு முறை மத்திய நிதியமைச்சராக இருந்தவர். ஹாக்கின்ஸ் மூடி பானைக்குள்ளே போய் அடியிலிருந்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் இருக்கும்வரை திறக்க முடியாது. பிரெஸ்டீஜ் மாதிரி வெளிமூடிக் குக்கர்களில் மூடி வெளியே வந்து விளிம்பின் பற்களில் சிக்கிக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வெளிமூடிதான் பிடித்தது. கழுவ எளிது, உள்ளே மூன்றடுக்குப் பாத்திரம் வைக்க எளிது.

இனி என் கதை.

1983-இல் எனக்குப் புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. நாங்கள் அப்போது கிழக்குத் தாம்பரத்தில் கல்நார் ஷீட் போட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டியே பாதி நாள் போய்விடும். நான் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் முதல் கடன் எடுத்து வாங்கிய பொருள் ஒரு வெளிமூடிக் குக்கர். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், நடந்ததில் கம்பெனிக்குப் பங்கில்லை.

அம்மா முதல் ஒரு மாதம் அதன் பக்கத்திலேயே போகவில்லை. "இது என்ன பாப்பா, வீட்டுக்குள்ள ரயில் என்ஜின் வெச்ச மாதிரி" என்பார். அப்பாவுக்கு அது பெருமை. அவர்தான் முதலில் சமைத்துக் காட்டினார். பிறகு அம்மாவுக்கும் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள், துவரம்பருப்பு நுரைத்து வெயிட் குழாயை அடைத்துவிட்டது. சேஃப்டி வால்வு உருகி, பருப்பு கூரை வரை பீய்ச்சியடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷீட்டில் மஞ்சள் வட்டம் மட்டும். அப்பா உருகிய வால்வைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு" என்று அதைப் பாராட்டிப் பேசினார்.

புதிது வாங்கும் பொறுப்பு எனக்கு. பள்ளியிலிருந்து வரும் வழியில் ஒரு பாத்திரக் கடையில் கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். "இது கம்பெனி, இது லோக்கல். ரெண்டும் ஒண்ணுதான்." பார்வைக்கு வித்தியாசமே இல்லை. விலையில் மூன்று ரூபாய் வித்தியாசம். மாசக் கடைசி. நான் லோக்கலை வாங்கினேன். வீட்டில் கம்பெனி வால்வு என்றே சொன்னேன். மூன்று ரூபாயில் இரண்டு பால்பாயிண்ட் பேனாவும் ஒரு முழம் பூவும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வால்வுக்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படும் ஈயக்கம்பி இருக்கிறதே, அது 183 டிகிரிக்குக் கீழே உருகாது. அதை வைத்துத் துளையை அடைத்தால்? தண்ணீர் 183 டிகிரி வரும்போது உள்ளே கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோ. மூடியின் மேல் 314 கிலோ என்று சொன்னேனே, அது 3 டன்னைத் தாண்டிவிடும். அவ்வளவு தூரம் போகும்வரை எந்த அலுமினியமும் காத்திருக்காது.

1984, ஐப்பசி அடைமழை. நான் பள்ளியில் இருந்தேன். நடந்ததை அம்மா பிற்பாடு துண்டு துண்டாகச் சொல்லித்தான் தெரியும். பருப்பு வைத்திருந்தார். விசில் வரவில்லை. வெகு நேரம் வரவில்லை. குழாய் மறுபடி அடைத்திருந்தது. நண்பர்களே, குக்கரில் பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல, சத்தமில்லாமல் இருப்பதற்குத்தான். இது அம்மாவுக்குத் தெரியாது. ஸ்டவ் சரியாக எரியவில்லை என்று நினைத்துத் திரியை இன்னும் தூண்டியிருக்கிறார். பிறகு கிட்டே போய்க் கரண்டியால் வெயிட்டைத் தட்டியிருக்கிறார். மூடி பற்களை விட்டுப் பறந்து கூரை ஷீட்டை உடைத்தது. கொதிக்கிற பருப்பு இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை.

நான் வந்தபோது வாசலில் கூட்டம். அம்மாவின் கை முழுக்க நீலம். தீக்காயத்துக்குப் பேனா மை ஊற்றும் வழக்கம் அப்போது எல்லா வீட்டிலும் உண்டு. என் மேஜை மேலிருந்த மைப் புட்டியைத்தான் பக்கத்து வீட்டு அக்கா காலி செய்திருந்தார். (தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஓடுகிற குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். மையைக் கழுவவே ஆஸ்பத்திரியில் அம்மா துடித்துப்போனார்.)

அப்பா ராத்திரி டியூட்டி முடித்து மறுநாள் காலை வந்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கொல்லையில் கிடந்த மூடியை எடுத்தார். எனக்குக் கால் நடுங்கியது. ஒரு ஃபயர்மேனுக்கு அந்த மூடியைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வால்வு முழுசாக இருந்தது. உள்ளே இருந்த உலோகம் அசையக்கூட இல்லை. அதை ஆணியால் சுரண்டிப் பார்த்தார். "இது யார் வாங்கினது?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஆவி அடங்கறதுக்குள்ள நான்தான் அவசரப்பட்டுத் திறந்துட்டேன்."

அப்பா வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துக்கும் அம்மா இதையேதான் சொன்னார். சொந்தக்காரர்களுக்கும் இதையேதான். "அவசரக்குடுக்கை" என்று என் அத்தை ஒருத்தி கல்யாண வீடுகளில் பத்து வருஷம் கேலி செய்தார். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். 2009-இல் அம்மா போகும் வரை அந்தக் கை சுருங்கின தோலோடுதான் இருந்தது. நானும் அம்மாவும் அந்த மூன்று ரூபாயைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை.

நானும் இது என் தப்பு என்றே பல வருஷம் வைத்திருந்தேன். பிறகுதான் டி.டி. ஜகந்நாதனைப் பற்றிப் படித்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு, செய்தித்தாள்களிலும் பேட்டிகளிலும்.

ஜகந்நாதன், டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன். சென்னை ஐ.ஐ.டி.யில் தங்கப் பதக்கம் வாங்கி, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் குடும்ப நிறுவனங்கள் கடனில் முழுகிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து பொறுப்பெடுத்துக்கொண்டவர். குக்கர் வியாபாரத்தைப் பார்க்கும்போது அவருக்கு ஒரு பெரிய தலைவலி. வட இந்தியாவில் அவர்களுடைய குக்கர் வெடிக்கிறது என்று பேச்சு. கடைக்காரர்கள் வாங்க மறுக்கிறார்கள். அவர் நேரில் போய்ப் பார்த்தார். கண்டுபிடித்தது என்ன தெரியுமா? முதல் தடவை உருகிய சேஃப்டி வால்வுக்குப் பதிலாக மக்கள் கடையில் கிடைத்த போலி வால்வைப் போட்டிருந்தார்கள். அது உருகவில்லை.

இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கதை என் கதை மட்டுமல்ல. கான்பூரிலோ லக்னோவிலோ ஒரு டீச்சர் இதே போல மூன்று ரூபாய் மிச்சம் பிடித்திருப்பாள்.

இப்போது ஒரு முதலாளி என்ன செய்வார்? "எங்கள் தப்பு இல்லை. ஒரிஜினல் உதிரிபாகம் மட்டும் வாங்குங்கள்" என்று ஒரு விளம்பரம் போடலாம். சட்டப்படி அது போதும். நம் ஊரில் பாதிப் பொருட்களின் அட்டையில் இதுதான் எழுதியிருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் வினாத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு பையன் ஒரு கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் தப்பு பையனுடையது. பாதி வகுப்பு அப்படிப் புரிந்துகொண்டால் கேள்வியைத்தான் திருத்த வேண்டும். ஜகந்நாதன் கேள்வியைத் திருத்தினார்.

அவர் செய்தது இதுதான். மூடியின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு சின்ன நீள் திறப்பு, ஒரு ஜன்னல். அதற்கு உட்பக்கமாகக் கேஸ்கட் வளையம் ஓடுகிறது. சாதாரண அழுத்தத்தில் கேஸ்கட் ஜன்னலை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். வெயிட் குழாய் அடைத்து, சேஃப்டி வால்வும் வேலை செய்யாமல் போனால், ஏறுகிற அழுத்தம் கேஸ்கட்டை அந்த ஜன்னல் வழியே பிதுக்கி வெளியே தள்ளும். அந்த இடைவெளியில் ஆவி ஓரமாகப் போய்விடும். மூடி பற்களிலேயே பூட்டியிருக்கும், பறக்காது. கேஸ்கட் ரிலீஸ் சிஸ்டம் என்று இதற்குப் பெயர்.

எவ்வளவு சாமானியமான விஷயம் பாருங்கள். புது உலோகம் இல்லை, ஸ்பிரிங் இல்லை, ஒரு பாகம்கூடக் கூடவில்லை. தகட்டில் ஒரு வெட்டு. அதன் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சேஃப்டி வால்வை வீட்டுக்காரர் கழற்றி மாற்றலாம், ஆகவே போலியும் உள்ளே வரலாம். மூடியில் வெட்டிய ஜன்னலை யாரும் மாற்ற முடியாது. அது பஜாரில் விற்கிற பொருளே இல்லை. கேஸ்கட்டிலும் போலி உண்டுதான். ஆனால் போலிக் கேஸ்கட்டும் ரப்பர்தானே? உருகாத போலி உலோகம் ஆவியை அடைத்து வைத்து ஆளைக் கொல்லும். மட்டமான ரப்பரோ சீக்கிரம் கிழியும், கசியும், சமையல் கெடும், அவ்வளவுதான். கெட்டுப்போனாலும் நல்ல பக்கமாகக் கெட்டுப்போகும்படி செய்திருக்கிறார். டிரெவிதிக், பையன் மீன் பிடிக்கப் போவான் என்று எடுத்துக்கொண்டாரே, அதே மாதிரி இவர் டீச்சர் லோக்கல் வால்வுதான் வாங்குவாள் என்று எடுத்துக்கொண்டார்.

இன்று வெவ்வேறு கம்பெனி வெளிமூடிக் குக்கர்களிலும் விளிம்பில் இந்த ஜன்னலைப் பார்க்கலாம். நம் பக்கத்திலேயே, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்தில் பட்டர்ஃபிளை தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஜன்னல் ஞாபகம்தான் வரும்.

அரசாங்கம் இதில் மெதுவாகத்தான் வந்தது. குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற இந்தியத் தரநிலை பல காலமாகவே உண்டு. ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் குக்கர் விற்கவே கூடாது என்று கட்டாயமாக்கிய தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020-இல்தான் வந்தது. 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறை. அதன் பிறகும் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, தரமில்லாத 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அன்று பாத்திரக் கடைக்காரர் மேஜையில் இரண்டையும் எடுத்துப் போட்டார். இன்று போன் திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. குக்கர் வாங்கும்போது அடியிலோ பக்கத்திலோ அந்த முத்திரையும் அதன் மேல் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசலில் நின்ற ரிப்பேர்த் தம்பிக்கு வருகிறேன். "இதுல எது தம்பி ஒரிஜினல்?" என்று கேட்டேன். விலை கூடின வால்வைக் காட்டினார். "எப்படித் தெரியும்?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். நல்ல பையன், பொய் சொல்ல வரவில்லை. "அட்டையில போட்டிருக்கு டீச்சரம்மா. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. நானும் மொத்தக் கடையிலதானே வாங்கறேன்" என்றார்.

வால்வு வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கேஸ்கட்டை மட்டும் மாற்றச் சொன்னேன். அவர் பழைய கேஸ்கட்டை உருவியதும் மூடியை வாங்கி வெளிச்சத்தில் காட்டி விளிம்பிலிருந்த ஜன்னலைக் காண்பித்தேன். "இது எதுக்கு, தெரியுமா?" காற்றுப் போவதற்கு என்று நினைத்திருந்தாராம். அதில் காய்ந்துபோன பருப்பு ஏறி இறுகிப் பாதியை அடைத்திருந்தது. இத்தனை கதை பேசுகிற என் வீட்டுக் குக்கரிலேயே! பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். கேஸ்கட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, பைக்கைக் கிளப்பும் முன் தன் பையில் இருந்த இன்னொரு மூடியை எடுத்து அதன் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.